இரண்டு மணிக்கொரு தரம்

அண்ணாமலையை வலம் வந்திருக்கும் நேயர்களுக்கு அடி அண்ணாமலையைப் பற்றி அதிகமாகச் சொல்ல வேண்டியதில்லை. 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்புறமாக அமைந்திருக்கும் ஊர் அது. பெரிய கோயிலிலிருந்து புறப்பட்டவர்கள் பாதி வழிக்கு மேல் நடந்து இங்கே வந்து சேரும்போது, பக்தியோடு கால் வலியும் சேர்ந்து கொண்டிருக்கும். திண்ணை கண்ட இடத்தில் உட்கார்ந்து, பாதத்தைப் பிடித்து விட்டுக் கொள்வார்கள். பௌர்ணமி இரவுகளில் லட்சக் கணக்கான ஜனங்களின் காலடி ஓசையைக் கேட்டுக் கொண்டேதான் இந்த ஊர் தூங்குகிறது.

பிரம்மாவும் விஷ்ணுவும் முடியையும் அடியையும் தேடிக் காணாமல் திரும்பிய புராணம் இந்த மலையைப் பற்றியதுதான். ஆகையால் அடி என்னும் சொல்லுக்கே இங்கே ஒரு தனி மகத்துவம் உண்டு. ஆனால் நாம் இன்று எழுத வந்தது, தம்முடைய சொந்த அடி எங்கே இருக்கிறதென்பதைக் கண்ணால் பார்த்தாலன்றி அறிய முடியாத மனிதர்களைப் பற்றி. பாதத்தில் முள் தைத்தாலும் அவர்களுக்குத் தெரியாது. நெருப்புப் பட்டாலும் தெரியாது. மரத்திலிருந்து விழுந்தோ, மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கி எறியப்பட்டோ, முதுகுத் தண்டில் அடிபட்டுப் படுத்துவிட்டவர்கள் அவர்கள்.

நமக்குத் தொழில் பள்ளிக்கூட உபாத்தியாயம். வைத்தியம் படித்தவரல்ல. ஆயினும் சில வருஷங்களாக, ஞாயிற்றுக்கிழமைகளில், இத்தகையவர்களின் வீடுகளுக்குப் போய் நம்மால் இயன்ற சிறு ஒத்தாசைகளைச் செய்து வருகிறோம். போன இடத்தில் கற்ற பாடத்தைப் பிறருக்குச் சொல்லாமல் இருந்தால், உபாத்தியாயர் தொழிலுக்கே இழுக்கு அல்லவா?

முதலில் சங்கதி இன்னதென்று விளங்க வேண்டும். முதுகெலும்பு என்பது ஒரே எலும்பன்று. பிறக்கும்போது 33 சிற்றெலும்புகள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த அடுக்கின் உள்ளே, சுண்டு விரல் கனத்தில் தண்டுவடம் இறங்குகிறது. மூளையிலிருந்து கை கால்களுக்குப் போகும் உத்தரவுகளும், தோலிலிருந்து மூளைக்கு வரும் சமாசாரங்களும் இதன் வழியாகவே போக வேண்டும். 31 ஜோடி நரம்புகள் இதிலிருந்து கிளை பிரிகின்றன. டெலிபோன் கம்பி அறுந்தால் அதற்கு அப்பாலுள்ள ஊர்களுடன் பேச முடியாமற் போவதுபோல், தண்டுவடம் நசுங்கிய இடத்துக்குக் கீழே உத்தரவும் போகாது, சமாசாரமும் வராது. நடு முதுகில் அடிபட்டால் கால்கள் இரண்டும் போகும். கழுத்தில் அடிபட்டால் கைகளும் சேர்ந்து போகும். டெலிபோன் கம்பியை ஆட்கள் வந்து ஒட்டுப் போட்டு விடுவார்கள். அறுந்த தண்டுவடத்தை ஒட்டுப் போடும் வித்தை இன்றுவரை டாக்டர்களுக்குக் கைகூடவில்லை.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை அவசியம் சொல்ல வேண்டும். நமது பக்கங்களில் தென்னை மரத்திலிருந்தோ, கிணற்றிலோ, மாடியிலிருந்தோ ஒருவர் விழுந்து விட்டால், உடனே நாலு பேர் ஓடி வருகிறார்கள். கையை ஒருவர், காலை ஒருவர் பிடித்துத் தூக்கி, ஆட்டோவில் மடித்து உட்கார வைத்துக் கொண்டு பறக்கிறார்கள். நல்லெண்ணத்தில் குறைவில்லை. ஆனால் எலும்பு முறிந்தும் வடம் முழுதும் அறுபடாமல் தப்பியிருந்தவருக்கு, இந்தத் தூக்கலே மீதியையும் அறுத்து விடக்கூடும். அவரைக் கிடந்தபடியே கிடக்க விட்டு, தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக் கொண்டு, 108-க்குச் சொல்லி அனுப்புவதே உத்தமம். நகர்த்தியே தீர வேண்டுமானால், தலையும் கழுத்தும் முதுகும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி, பலர் சேர்ந்து ஒரே சமயத்தில் புரட்டிப் பலகையின் மேல் ஏற்ற வேண்டும்.

சரி, ஆஸ்பத்திரியில் பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டார். இனி என்ன? நடக்க முடியாது என்பதுதான் பெரிய கஷ்டம் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். அடிபட்டவர்களைக் கேட்டால், அது பிற்பாடு வரும் கஷ்டம் என்பார்கள். முதல் சத்துரு அவர்களுடைய சொந்த உடம்பின் பாரம்.

நேயர்கள் இதைப் படிக்கும்போதே இரண்டு மூன்று தடவை அசைந்து உட்கார்ந்திருப்பீர்கள். அசைந்தது உங்களுக்கே தெரிந்திராது. ஓரிடத்தில் பாரம் அழுத்தி இரத்த ஓட்டம் தடைப்பட்டால், தோல் மூளைக்குப் புகார் செய்கிறது. மூளை உடனே அசையச் சொல்கிறது. தூக்கத்திலுங்கூட இந்த ஏற்பாடு ஓய்வதில்லை. தண்டுவடம் அறுந்தவருக்குப் புகாரும் வராது, உத்தரவும் போகாது. எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவில் அகப்பட்ட சதை சில மணி நேரத்தில் செத்துப் போக ஆரம்பிக்கிறது. இடுப்பிலும் குதிகாலிலும் முதலில் ஒரு சிவப்புத் தழும்பு தெரியும், பிறகு புண்ணாகும், கவனியாமல் விட்டால் எலும்பு வரை குழி விழும். இதைத் தடுப்பதற்கு வழி ஒன்றுதான். படுத்திருப்பவரை இரண்டு மணிக்கொரு தரம் வேறு பக்கமாகத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். நாளாவட்டத்தில், தோல் பழகி, நல்ல மெத்தையும் கிடைத்தால், டாக்டரின் யோசனைப்படி இடைவெளியைச் சிறிது நீட்டலாம். ஆனால் ஆரம்பத்தில் பகலென்றும் இரவென்றும் பாராமல் கடிகாரம் போலச் செய்தாக வேண்டும்.

இரண்டாவது சத்துரு சிறுநீர். அது கட்டிக்கொண்டாலும் தெரியாது, நிரம்பினாலும் தெரியாது. வேளா வேளைக்குச் சுத்தமான குழாயினால் வெளியேற்றாவிட்டால் விஷ ஜுரம் வரும், சிறுநீரகம் கெடும். கழுத்திலோ மேல் முதுகிலோ அடிபட்டவருக்கு, சிறுநீர் தேங்கினால் திடீரென்று இரத்த அழுத்தம் ஏறித் தலை வெடிப்பதுபோல் வலி வருவதும் உண்டு. உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படியும் தணியாவிட்டால் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

புராதன எகிப்து தேசத்து வைத்திய ஏடு ஒன்றில், கழுத்தெலும்பு நழுவிக் கை கால் உணர்ச்சி அற்றவனைப் பற்றி எழுதி, இது வைத்தியம் செய்யக்கூடிய வியாதியன்று என்று முடித்திருக்கிறார்கள். மூவாயிரம் வருஷத்துக்கு மேல் உலகம் இந்தத் தீர்ப்பை மாற்றவில்லை. முதல் உலக மகா யுத்தத்தில் முதுகுத் தண்டில் குண்டு பாய்ந்த சிப்பாய்களில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர் விஷத்தாலும் மாண்டு போனார்கள்.

தீர்ப்பை மாற்றியவர் லுட்விக் குட்மன் என்னும் டாக்டர். ஜெர்மனியில் நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி 1939-ல் இங்கிலாந்துக்கு வந்த யூதர். 1944 பிப்ரவரி மாதத்தில் ஸ்டோக் மாண்டவில் என்ற இடத்தில், தண்டுவடம் அடிபட்டவர்களுக்கென்றே ஒரு வைத்தியசாலைப் பிரிவை அவர் தொடங்கி வைத்தார். பென்சிலின் போன்ற புது மருந்துகள் அவருக்குத் துணை செய்தன என்பது வாஸ்தவமே. ஆயினும் அவருடைய பிரதான மருந்து கடிகாரந்தான். இரவும் பகலும் இரண்டு மணிக்கொரு தரம் ஒவ்வொருவரையும் திருப்பிப் போடச் சொன்னார். உயிர் தங்கியது. தங்கிய உயிருக்கு வேலை வேண்டும் அல்லவா? 1948 ஜூலை 29-ஆந் தேதி, லண்டன் ஒலிம்பிக் பந்தயங்கள் ஆரம்பமான அதே தினத்தில், சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேரைக் கொண்டு வில் வித்தைப் போட்டி நடத்தினார். அந்தச் சிறு விளையாட்டுத்தான் 1960-ல் ரோமாபுரியில் பாராலிம்பிக் பந்தயமாக வளர்ந்தது.

நமது தமிழ்நாடு இந்த விஷயத்தில் பின்தங்கி விடவில்லை என்பதைப் பெருமையுடன் சொல்லலாம். வேலூர் கிறிஸ்தவ ஆஸ்பத்திரியில் டாக்டராயிருந்த மேரி வர்கீஸ் அம்மையார் 1954-ல் மோட்டார் விபத்தில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே அசைவற்றுப் போனார். அதன் பிறகு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே, குஷ்டரோகிகளின் மடங்கிய விரல்களை ரண சிகிச்சையால் நிமிர்த்திக் கொடுத்தார். வெளிநாடு சென்று புனர்வாழ்வு வைத்தியம் பயின்று திரும்பினார். 1966-ல் வேலூரில் ஏற்பட்ட புனர்வாழ்வு நிலையம் அவருடைய முயற்சியின் பலன். தென்காசிக்கு அருகே ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன், இஞ்சினீயரிங் படித்துக் கொண்டிருந்தபோது, 1975-ல் கடற்படை உத்தியோகத் தேர்வுக்குச் சென்ற இடத்தில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். தமக்குச் சிகிச்சை செய்த ராணுவ டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரை வைத்து, 1981-ல் அமர் சேவா சங்கத்தை ஆரம்பித்தார். நமது திருவண்ணாமலைக்கும் அந்தப் பாக்கியம் உண்டு. தமிழ்நாட்டின் 19 வயதுக்குட்பட்ட பெண்கள் கிரிக்கெட் அணிக்குத் தலைமை வகித்த பிரீத்தி ஸ்ரீநிவாசன், 1998-ல் புதுச்சேரிக் கடலில் நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே அசைவிழந்தார். 2013-ல் ‘சோல்ஃப்ரீ’ என்னும் ஸ்தாபனத்தை இவ்வூரில் நிறுவினார். தம்மைப் போல் அடிபட்டவர்களுக்கு உதவுவதே அதன் வேலை.

இந்த மூவரும் தாமே அடிபட்டவர்கள் என்பதைக் கவனியுங்கள். படுக்கையில் இருந்தவர்கள் இவ்வளவு செய்திருக்கிறார்கள். எழுந்து நடமாடுகிற நாம் என்ன செய்யலாம்? இந்தக் கேள்விக்கு அடி அண்ணாமலையில் ஒரு வீட்டில் நமக்கு விடை கிடைத்தது.

அந்த வீட்டுப் பிள்ளை பிளஸ் டூ படித்துக் கொண்டிருந்தபோது இளநீர் பறிக்கத் தென்னை மரத்தில் ஏறிக் கீழே விழுந்தவர். கழுத்தில் அடி. முழங்கையை மடக்குவார், விரல்கள் மடங்கா. தகப்பனார் இல்லை. தாயார் வீட்டை விட்டு நகர முடியாதாகையால், உட்கார்ந்த இடத்திலேயே பூக்கட்டி ஜீவனம் நடத்தி வந்தார். அந்த அம்மாளுக்குக் கடிகாரம் தேவையாயிருக்கவில்லை. இத்தனை முழம் சரம் தொடுத்தால் இரண்டு மணி ஆயிற்று என்று கணக்கு. சரத்தைக் கீழே வைத்து, மகனைத் திருப்பிப் படுக்க வைத்து, மறுபடி சரத்தை எடுப்பார். பகல் இப்படிப் போயிற்று. இரவில் தொடுப்பதற்குப் பூ ஏது? பாதித் தூக்கத்தில் பதறி எழுந்து பதறி எழுந்தே ஆறு வருஷம் கழித்திருந்தார்.

நாம் முதன்முதலில் அந்த வீட்டுக்குப் போனபோது, உலக வழக்கப்படி ஒரு பை நிறைய ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிப் போனோம். அம்மாள் மரியாதையாக வாங்கி வைத்துக் கொண்டு, "பழமெல்லாம் நிறைய வருதுங்க ஐயா. தூக்கந்தான் இல்லை" என்றார்.

புகாராகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதிலாகச் சொன்னார். இரக்கத்தினால் வருகிற ஜனங்கள் எல்லாரும் பகலில் வருகிறார்கள். பழம் கொடுக்கிறார்கள், பரிதாபப்படுகிறார்கள், சிலர் போட்டோவும் எடுத்துக் கொள்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு ஒருவரும் வருவதில்லை. படுக்கைப் புண்ணோ இரக்கத்தைக் கண்டு அஞ்சுகிற பிராணியன்று. அது கடிகாரம் ஒன்றுக்குத்தான் அஞ்சுகிறது.

பிள்ளைக்கு வேறு ஓர் ஆசை இருந்தது. நின்றுபோன படிப்பை முடித்துப் பரீட்சை எழுத வேண்டும். "சார், நீங்க ஞாயிற்றுக்கிழமை நாலு மணின்னு சொன்னா, நான் மூணு மணியிலிருந்தே வாசலைப் பார்த்துக்கிட்டிருப்பேன். அதனால வர முடியாதுன்னா முந்தியே சொல்லிடுங்க" என்றார். அன்றிலிருந்து நாம் வாரந்தோறும் நாலு மணிக்குப் போய் உட்கார்ந்து பாடம் சொல்ல ஆரம்பித்தோம். அவர் சொல்வார், நாம் எழுதுவோம். பக்கத்தைத் திருப்பு என்றால் திருப்புவோம். கணக்கிலும் சரித்திரத்திலும் நாம் உபாத்தியாயராயிருக்கலாம். அவருடைய உடம்பு விஷயத்தில் அவர்தாம் உபாத்தியாயர். எந்தத் தோளின் கீழ் கை கொடுக்க வேண்டும், எந்தத் தலையணை எங்கே போக வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல நாம் செய்ய வேண்டும். உதவப் போகிறவன் தன் மூளையைச் சிறிது ஒதுக்கி வைத்து, இன்னொருவருடைய கைகளாக இருக்கக் கற்றுக் கொள்வது சுலபமான காரியமன்று.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது தாயாருக்குக் கடுமையான ஜுரம் வந்தது. மூன்று இரவுகள் அவர் நினைவின்றிக் கிடந்தார். மகன் கூப்பிட்டுப் பார்த்தார், அம்மாள் எழவில்லை, அண்டை வீட்டாரை நடு இராத்திரியில் கூப்பிடக் கூச்சப்பட்டுப் பேசாமல் இருந்து விட்டார். ஞாயிற்றுக்கிழமை நாம் போனபோது அவருடைய இடுப்புக்குக் கீழே ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத் தோல் கறுத்திருந்தது. அந்தக் காசு அகலப் புண் ஆறுவதற்கு ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் பிடித்தது. அந்த வருஷப் பரீட்சை போயிற்று. ஆறு வருஷம் கண் விழித்துக் காத்த தாயின் உழைப்பை, மூன்று இரவு அழித்து விட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் திரும்புவதற்கு முன், நாமும் நமது பள்ளி நண்பர் இருவரும் அந்தத் தெருவில் வீடு வீடாகப் போனோம். பணம் கேட்கவில்லை. "இரவில் உங்களுக்கு எப்போது விழிப்பு?" என்று மட்டும் கேட்டோம். விசித்திரமான கேள்விதான். ஆனால் பதில்கள் அதைவிட விசித்திரமாக வந்தன. டீக்கடைக்காரர் கடையை மூடுவது இரவு பத்து மணிக்கு. ஆட்டோ ஓட்டுகிறவர் கடைசிச் சவாரி முடித்து வருவது பன்னிரண்டுக்கு. பால்காரர் எழுவது நாலு மணிக்கு. இரண்டு மணி மாத்திரம் அநாதையாக நின்றது. எதிர் வீட்டில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு முதியவர், "நான் எப்படியும் அந்நேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவன்தானே? அதை எனக்கு விடுங்கள்" என்றார்.

தசைப் பயிற்சி அளிப்பவர் ஒருவர் வந்து, தோல் உராயாமல் எப்படித் திருப்புவது, முழங்கால்களுக்கு நடுவில் தலையணை எப்படி வைப்பது, கண்ணாடி பிடித்து முதுகை எப்படிப் பரிசோதிப்பது என்றெல்லாம் நால்வருக்கும் செய்து காட்டினார். ஒருவர் ஊருக்குப் போனால் அவருக்குப் பதிலாக யார் என்பதையும் கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டினோம். ஒவ்வொரு தடவைக்கும் ஐந்து நிமிஷந்தான் பிடிக்கும். அந்த ஐந்து நிமிஷங்கள் நாலைச் சேர்த்து, ஆறு வருஷத்துக்குப் பிறகு அந்த அம்மாளுக்கு ஓர் இரவு முழுத் தூக்கம் கிடைத்தது. மறு நாள் காலையில் அவர் எழுந்திருக்க நேரமாகி விட்டதால், பூ வாங்க வந்தவர்கள் வாசலில் காத்திருந்தார்களாம்!

அடுத்த வருஷம் பிள்ளை பரீட்சை எழுதினார். சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஆளும், கூடுதல் நேரமும் சர்க்கார் விதிகளின்படி கிடைத்தன. பரீட்சை அறை கீழ்த் தளத்திலேயே அமைந்தது. தேறி விட்டார். எத்தனை மார்க்கு என்பதை இங்கே எழுதுவதற்கில்லை. அவர் கோபித்துக் கொள்வார். இப்போது மேற்கொண்டு தபால் மூலம் படிக்கிறார்.

உலகத்தில் 1½ கோடிக்கு மேற்பட்டவர்கள் தண்டுவடச் சேதத்துடன் வாழ்கிறார்களென்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது. உங்கள் ஊரிலும் ஒருவர் இல்லாமலிரார். அநேகமாக அவர் வெளியே வருவதில்லையாதலால் உங்களுக்குத் தெரியாது. வராததற்குப் பெரும்பாலும் வாசற்படியே காரணம். 2016-ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுக் கட்டடங்களில் எல்லாரும் நுழைய வழி செய்ய வேண்டுமென்று விதித்திருக்கிறது. ஓர் அடி உயரமுள்ள படிக்குப் பன்னிரண்டு அடி நீளத்தில் சரிவுப் பாதை போட்டால் சக்கர நாற்காலி ஏறி விடும். உங்கள் பள்ளிக்கூடம், வாசகசாலை, கல்யாண மண்டபம் ஆகியவற்றில் அது இருக்கிறதா என்று ஒரு நடை போய்ப் பாருங்கள். இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று கேளுங்கள்.

அத்தகையவரின் வீட்டுக்குப் போவதானால் சில சிறு மரியாதைகளைக் கடைப்பிடிக்க வேண்டும். அவரைப் பற்றித் தாயாரிடம் கேளாமல், அவரிடமே பேசுங்கள். கேட்காமல் சக்கர நாற்காலியைத் தொடாதீர்கள். அது அவருடைய கால். தூக்குவதற்கு முன் எப்படித் தூக்க வேண்டுமென்று கேளுங்கள். "இனிமேல் நடந்து விடுவீர்கள்" என்று ஆறுதல் சொல்லாதீர்கள். அதைக் கேட்டுக் கேட்டு அவருக்கு அலுத்துப் போயிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வருவதாகச் சொன்ன நாளில், சொன்ன மணிக்குப் போங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற நூறு பேரைக் காட்டிலும், வாரத்துக்கு ஒரு தடவை தவறாமல் வருகிற ஒருவரே அந்த வீட்டுக்குப் பெரிய துணை.

தானம் செய்யப் பணமில்லையே என்று ஏங்குகிற குடும்பங்கள் நம்மில் அநேகம். இந்தத் தானத்துக்குப் பணம் வேண்டாம். வீட்டில் எல்லாருமாகச் சேர்ந்து உட்கார்ந்து, ஒரு கிழமையையும் ஒரு மணியையும் குறித்துக் கொள்ளுங்கள். அது இரவு இரண்டு மணியாயிருந்தால் மிகவும் விசேஷம். அந்த மணிக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை.